யாருக்கும் உறவில்லாத ஆர்லன்

ஆர்லன் ஸ்கோக்ஸ்டாட், அமெரிக்கப் பூர்வகுடிகளான எங்கள் ரிசர்வேஷன் நிலத்தின் சூதாட்ட வாரியத்தில் உறுப்பினராக வந்ததற்கு ஒரே தகுதி, அவனுக்கு யாரும் இல்லை என்பதுதான். நான் கேலிக்குச் சொல்லவில்லை. தலைவர் கிளிஃபர்ட் தீர்மானத்திலேயே அப்படித்தான் எழுதினான்: "மேற்படி நபருக்கு இந்த ரிசர்வேஷனில் தாய், தந்தை, மனைவி, மக்கள், சம்பந்தி, சகலை என்று எவரும் இலர். ஆகவே மிகவும் பொருத்தமானவர்." வாசித்து முடித்ததும் எல்லோரும் கை தட்டினோம். ஆர்லனும் தட்டினான்.

ஆர்லன் வீட்டுக்கு வீடு லாரியில் போய் அடுப்புக்கும் கணப்புக்கும் கேஸ் நிரப்புகிறவன். நார்வேக்கார வம்சம். தெற்கே ஏதோ அநாதை இல்லத்தில் வளர்ந்தான். காலை உடைத்துக்கொண்ட ஒரு டிரைவருக்கு மாற்றாக ஒரு குளிர்காலம் மட்டும் ஓட்ட வந்தான். அந்த டிரைவர் கால் சரியானதும் வெயில் உள்ள ஊராகப் பார்த்துப் போய்விட்டார். ஆர்லன் முப்பது குளிர்காலமாக இங்கேயே இருக்கிறான், கேஸ் கிடங்குக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் வீட்டில்.

எங்கள் பக்கத்தில் குளிரில் வாசலுக்கு வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பினால் அதைவிட அசிங்கம் கிடையாது. அதனால் ஆர்லனுக்கு எந்த நாளும் சாப்பாடு ஒரு வீட்டோடு முடிந்ததே இல்லை. ஒரு வீட்டில் பொரித்த ரொட்டி, அடுத்த வீட்டில் மான்கறி, ரோசெல்லா ஃபைன்டே வீட்டில் காட்டரிசி சூப். ரோசெல்லா எங்கள் கேசினோவின் பிங்கோ கூடத்தில் மைக்கைப் பிடித்து எண் கூப்பிடுகிறவள். புருஷன் இல்லை; இரண்டு பேத்திகளை அந்தச் சம்பளத்தில்தான் வளர்க்கிறாள். ஆர்லன் லாரி திரும்பும் சத்தம் கேட்டதும் ஜன்னலைத் திறந்து கத்துவாள்.

"வாடா என் அத்தை பெத்த ரத்தினமே! போன வாரம் வயிறு ஸ்டீயரிங்கைத்தான் இடிச்சிது, இந்த வாரம் ஹாரனையே அடிக்குதே!"

ஆர்லன் சிவந்துபோய்ச் சிரிப்பான். தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து சாப்பிடுவான். அவ்வளவுதான் அவன் வாழ்க்கை. குறை சொல்லி யாரும் கேட்டதில்லை.

இதற்கு நடுவில் வாரியத்துக்கு வந்து சேர்ந்தார் வக்கீல் லிண்டல். மினியாபொலிஸிலிருந்து வந்தவர். சின்ன வயது, நல்ல சட்டை, அதைவிட நல்ல பற்கள். வெளியாட்கள் யாரோ எங்கள் வாரியத்தைச் சோதித்துப் பார்த்து, கேசினோவில் வேலை பார்க்க இங்கே சொந்தக்காரர்களே சொந்தக்காரர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கிறார்கள் என்று எழுதிவிட்டார்கள். பின்னே? இந்த ஏரிக்கரையில் சொந்தம் இல்லாதவர்களை எங்கே போய்த் தேடுவது? நாலு வட்டாரத்துக்கும் ஒரு பிரதிநிதி என்று நாங்கள் நாலு பேர். நான் வடக்கு வட்டாரம். கிளிஃபர்ட் எனக்கு மாமா மகன். மற்ற இரண்டு பேரில் ஒருத்தி எனக்குச் சித்தி முறை, அதாவது இன்னொரு அம்மா மாதிரி. இன்னொருவர் கிளிஃபர்டின் மச்சான். லிண்டல் ஒரு புது விதி எழுதினார்: யாருடைய லைசென்ஸ் விசாரணைக்கு வருகிறதோ அவருக்கு உறவான உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். மாதம் முடிவதற்குள் யாரும் தீர்ப்புச் சொல்லாவிட்டால் அந்த லைசென்ஸ் செத்துப்போகும்.

முதல் விசாரணை சீட்டு மேசையில் வேலை பார்த்த ஒரு பையனுடையது.

"இவருக்கு உறவானவங்க கை தூக்குங்க" என்றார் லிண்டல்.

நாலு கையும் உயர்ந்தன. நாலு பேரும் நடைவழிக்குப் போனோம். அங்கே டோனட் வைத்திருந்தார்கள், சாப்பிட்டோம். உள்ளே லிண்டலும் அந்தப் பையனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து லிண்டல் தலையை நீட்டினார்.

"யாராவது ஒருத்தராவது உள்ள வர முடியுமா?"

"விதி உங்களோடதுதானே?" என்றான் கிளிஃபர்ட், வாய் நிறைய டோனட்டோடு.

அந்தப் பையன் இப்போது பஞ்சாயத்துக்காகப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். அவனுக்குப் பிறகு இன்னும் சிலர் போனார்கள். மாதத்துக்கு ஒரு தடவை நாங்கள் கூடி, எழுந்து, வெளியே போய், டோனட் தின்றோம். கேசினோவில் வேலைக்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில் லிண்டல், ஐந்தாவதாக ஒரு பொதுமக்கள் பிரதிநிதி வேண்டும், யாருக்கும் உறவில்லாத ஒருவர் இருந்தால் அவர் ஒருவரே தீர்ப்புச் சொல்லலாம் என்றார். தேடினோம். பள்ளிக்கூட வாத்தியார் எங்கள் பெண்ணைக் கட்டியவர். பாதிரியார் உறவில்லாதவர்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கேசினோவில் சூதாட்ட மெஷின் முன்னால் உட்காருகிறவர். மருத்துவர் எப்போது கிளம்பலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கிளிஃபர்ட் ஜன்னல் வழியாகக் கை காட்டினான். வெளியே ஆர்லன் வாரியத்தின் தொட்டிக்குக் கேஸ் நிரப்பிக்கொண்டிருந்தான்.

கூப்பிட்டுச் சொன்னோம். அவன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"நான் யாருக்குப் பிரதிநிதி?"

"பொதுமக்களுக்கு" என்றார் லிண்டல்.

"அவங்க யாரு?"

லிண்டல் யோசித்தார். எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது அவன் ஒருவன்தான் என்று அவருக்கே புரிந்திருக்க வேண்டும்.

"நீங்கதான்."

ஆர்லன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் எதையுமே அப்படி எடுத்துக்கொள்கிறவன் இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று, "பொதுமக்கள்கிட்டக் கேட்டேன். அவங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்பான். தீர்ப்புகளும் ஒழுங்காகச் சொன்னான். ஒரு தடவை சீட்டு மறைத்தவனை வெளியே அனுப்பினான். வீணாகப் புகார் வந்த இரண்டு பெண்களைக் காப்பாற்றினான். முதல் தடவையாக எங்கள் வாரியம் வாரியம் மாதிரி நடந்தது. நாங்கள் நடைவழியில் நிம்மதியாகத் தின்றோம்.

அப்புறம்தான் லிண்டல் சாப்பாட்டு விஷயத்தைக் கண்டுபிடித்தார்.

"நீங்க ஒவ்வொரு வீட்டுலயும் சாப்பிடுறீங்களாமே?"

"ஆமா."

"இனி கூடாது. அவங்க யாராவது நாளைக்கு உங்க முன்னால வந்து நிக்கலாம். சோறு போட்டவங்களுக்கு எப்படி நடுநிலையாத் தீர்ப்புச் சொல்வீங்க?"

அன்றிலிருந்து ஆர்லன் கேஸ் நிரப்பிவிட்டு லாரியில் உட்கார்ந்து காய்ந்த சாண்ட்விச் தின்றான். ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாங்கள் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டு அவனைப் பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் தொண்டையில் எப்படி இறங்கும்? ரோசெல்லா பொறுக்க மாட்டாமல் ஒரு கிண்ணம் சூப்பைக் கொண்டுபோய்க் கேஸ் தொட்டி மேல் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உள்ளே வந்துவிட்டாள். ஆர்லன் லிண்டலுக்குப் போன் போட்டான்.

"சார், தொட்டி மேல சூப் இருக்கு. யாரும் குடுக்கல. சும்மா இருக்கு."

"யாருக்காக வச்சிருக்காங்க?"

"பேர் எதுவும் இல்ல. பொதுவா வச்சிருக்காங்க."

"பொதுமக்களுக்காகன்னா பிரச்சினை இல்ல" என்றார் லிண்டல். பிறகு அவருக்கே உறைத்தது. "இருங்க, பொதுமக்கள் நீங்கதானே? கூடாது!"

சூப் உறைந்துபோயிற்று. கிண்ணத்தைப் பெயர்த்தெடுக்க ரோசெல்லா சுத்தியல் கொண்டுபோனாள்.

இதையும் ஆர்லன் தாங்கினான். தாங்க முடியாமல் போனது இதற்கு அடுத்தது. லிண்டலுக்கு எங்கள் முறைகள் குழப்பமாக இருந்தன. யாரைக் கேட்டாலும் எங்களவர்தான் என்றால் எந்த அளவில் உறவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? கிளிஃபர்ட் பெரிய மனுஷத்தனமாக விளக்கினான்.

"ரொம்பச் சுலபம் சார். கூடப்பொறந்த முறைன்னா மரியாதையா, அளந்து பேசுவாங்க. அத்தை பிள்ளை, மாமா பிள்ளைன்னா வாயில போட்டு மெல்லுவாங்க. இதோ நோரீன் எனக்கு அத்தை மக. கேட்டுப் பாருங்க."

"இவனுக்கு மூளை இருந்தா நாங்க ஏன் சார் தலைவரா ஆக்குறோம்?" என்றேன் நான்.

"பார்த்தீங்களா? இதான் சொந்தம்" என்றான் கிளிஃபர்ட் பெருமையாக.

அந்த முட்டாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அடுத்த கூட்டத்திலேயே லிண்டல் ஒரு துணைவிதி கொண்டுவந்துவிட்டார்: கேலி செய்யும் வழக்கமுள்ள நபர்கள் உறவினராகவே கருதப்படுவர்.

செய்தி ஒரே நாளில் ரிசர்வேஷன் முழுக்கப் பரவியது. ஆர்லன் போனால் வாரியம் படுத்துவிடும், வாரியம் படுத்தால் ஒவ்வொருவராக வேலை போகும். அதனால் எல்லோரும் அவனிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்கள். "வணக்கம், திரு ஸ்கோக்ஸ்டாட்." "இன்னிக்குக் குளிர் அதிகம், இல்லீங்களா?" பெட்ரோல் பங்க் பையன்கூட அவன் தொப்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரோசெல்லா ஜன்னலைத் திறந்து, வாயையும் திறந்து, இரண்டையும் மூடிக்கொண்டாள். கேஸ் குழாயைச் சுருட்டும்போது ஆர்லன் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பான். என்ன தப்புச் செய்தேன் என்று கேட்கிற மாதிரி இருக்கும் அவன் பார்வை. மனுஷன் உருகிப்போனான். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து ரோசெல்லா மேலேயே புகார் வந்தது.

பிங்கோ கூடத்தில் வயதானவர்கள் நடுவில் கண் அயர்வது வழக்கம். யாராவது தூங்கிவிட்டால் ரோசெல்லா அடுத்த எண்ணைக் கூப்பிட மாட்டாள். மைக்கில் இருமுவாள், கதை சொல்வாள், அவர்கள் பேரன் பேத்தி பெயரைச் சொல்லி விசாரிப்பாள். விழித்த பிறகுதான் அடுத்த எண் உள்ள பந்தை எடுப்பாள். இருபது வருஷமாக இப்படித்தான். ஃபார்கோவிலிருந்து வந்த ஒரு அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. தான் ஜெயிக்க ஒரே எண் பாக்கி இருக்கும்போது, குறட்டை விடும் ஒரு கிழவருக்காக ஆட்டத்தை நிறுத்தி வைத்ததாகப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

லைசென்ஸை நிறுத்தி வைத்து விசாரணைக்கு அழைத்தார்கள். நாங்கள் நாலு பேரும் அவளுக்கு உறவு, வெளியே போய்விடுவோம். ஆர்லன் ஒருவன்தான் இருப்பான். அவன் நியாயமாகத்தான் சொல்வான். காத்திருந்ததில் குற்றம் இல்லை என்று யாருக்குத்தான் தெரியாது? ரோசெல்லா செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உறவா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும். முந்தின நாள் அவள் சமையல்கட்டில் உட்கார்ந்து அவளுக்குப் பாடம் நடத்தினேன்.

"ஒரே வார்த்தைடீ. ‘இல்ல.’ அதுக்கு மேல வாயைத் தொறக்காத."

"எனக்கென்ன பைத்தியமா? பேத்திங்களுக்கு சோறு வேணாமா?" என்றாள்.

விசாரணை அன்று கூடம் நிறைந்திருந்தது. தூங்குகிற கிழவர்கள் எல்லோரும் வந்து, விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் நாலு பேரும் கை தூக்கிவிட்டு வெளியே போனோம். நான் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. இடுக்கில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆர்லன் டை கட்டியிருந்தான். சட்டை உடம்பில் தொளதொளவென்று தொங்கியது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற ரோசெல்லாவைப் பார்த்துக் குனிந்து வணங்கினான்.

"வணக்கம், திருமதி ஃபைன்டே."

ரோசெல்லா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவரு உங்களுக்கு ஏதாவது உறவா?" என்று கேட்டார் லிண்டல்.

லிண்டல் மறுபடி கேட்டார். ரோசெல்லா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னன்னுடா கூப்பிட்ட?"

"திருமதி ஃபைன்டே" என்றான் ஆர்லன் பயந்துகொண்டே.

"திருமதியா? என் அடுப்படியில உக்காந்து சட்டியை வழிச்சுத் தின்னவனுக்கு நான் திருமதியா? அந்த டையை யாருடா கட்டி விட்டது? புடிச்ச மீனைக் கழுத்துல கோத்துக்கிட்டு வந்தவன் மாதிரி நிக்கிற!"

லிண்டல் பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இது... கேலியா?"

"பின்ன, பாராட்டா?"

"அப்படின்னா இவரு உங்களுக்கு என்ன முறை?"

"அத்தை மகன்."

"எந்த அத்தை?"

"ஜோசெட் அத்தை. அதோ கதவிடுக்குல காதை வச்சுக்கிட்டு நிக்கிறாளே நோரீன், அவ அம்மா."

இனி மறைந்து நின்று என்ன பிரயோசனம்? உள்ளே போனேன். லிண்டல் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"நோரீன், இவரு உங்க அம்மாவுக்குப் பொறந்தவரா?"

"இல்ல" என்றேன்.

"அப்புறம்?"

ரோசெல்லா எனக்காகப் பதில் சொன்னாள். "இவ தம்பி ரேமண்ட் ஏரியில பனி உடைஞ்சு போயிட்டான். அதுக்கு அடுத்த குளிருல அத்தை ரேமண்டோட கோட்டை எடுத்து இவன் தோள்ல போட்டாங்க. நாங்க எல்லாரும் பாத்தோம்."

எங்கள் குடும்பங்களில் செத்த பிள்ளையின் கோட்டை ஒருவன் தோளில் போட்டால், அந்தப் பிள்ளையின் இடத்தில் அவனை வைத்தாயிற்று என்று அர்த்தம். விருந்து, மேளம் எல்லாம் அவரவர் வசதி. அம்மாவுக்கு அப்போது விருந்து வைக்கும் மனசு இல்லை. கோட்டைப் போட்டுவிட்டார், பொத்தானையும் மாட்டிவிட்டார், அவ்வளவுதான். கிளிஃபர்டுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வாரியத்துக்கு ஓர் உறவில்லாத ஆள் வேண்டியிருந்ததால் எல்லோரும் சேர்ந்து மறந்து வைத்திருந்தோம்.

ஆர்லன் எங்களை மாறி மாறிப் பார்த்தான்.

"அது... குளுருக்குக் குடுத்தாங்கன்னு நெனச்சேன்."

"குளுருக்குத்தான்டா. வேற எதுக்குக் கோட்டு?" என்றாள் ரோசெல்லா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக அவனுக்குத் தெரியாதா? சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே. தெரிந்துதான் போட்டுக்கொண்டான், தெரிந்துதான் அம்மாவைப் புதைத்த அன்று குழியருகில் எங்களோடு நின்றான் என்று நினைத்திருந்தேன். அன்று நிலம் கெட்டியாக இருந்ததால் கடப்பாரை பிடிக்க வந்தேன் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தானாம்.

அவன் என் பக்கம் திரும்பினான். "நீங்க மட்டும் என்கிட்ட ஒரு நாளும் சிரிச்சுப் பேசினதில்ல நோரீன். எல்லாரும் கேலி பண்ணுவாங்க, நீங்க மட்டும் தட்டை வச்சுட்டுக் குனிஞ்சுக்கிட்டே போயிடுவீங்க. உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னு நெனச்சேன்."

"தம்பிகிட்ட வேற எப்படிப் பேசுவாங்க?" என்றேன்.

லிண்டல் நல்ல மனுஷன்தான், அதையும் சொல்ல வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "ஆர்லன், ஒரு கோட்டு சட்டப்படி ஆதாரம் ஆகாது. அது வெறும் கோட்டுதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். விசாரணையைத் தொடரலாம். இவங்களுக்கு வேலை திரும்பக் கிடைச்சிரும். இல்லைன்னா இந்த மாசக் கடைசியோட லைசென்ஸ் போயிரும். யோசிச்சுச் சொல்லுங்க."

ஆர்லன் யோசித்தான். ரோசெல்லாவைப் பார்த்தான், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் பேத்திகளைப் பார்த்தான். அவன் வாய் திறந்தது. அந்தக் கோட்டைப் பற்றித்தான் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். ரோசெல்லா கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லாதே என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை.

"நீ நம்பர் கூப்பிடுற லட்சணத்துக்குத் தூங்காம என்னடீ செய்வாங்க?" என்றான் ஆர்லன்.

அந்த மனுஷன் வாழ்க்கையில் செய்த முதல் கேலி அது. இத்தனை வருஷம் எல்லோரும் அவனைக் கேலி செய்தார்களே தவிர, அவன் ஒருவரையும் திருப்பிக் கேலி செய்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தனக்கு அந்த உரிமை இருக்கிறது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? பிறகு ஒரு கிழவர் கைத்தடியால் தரையை அடித்துச் சிரித்தார். அதற்கப்புறம் கூரை பறந்துவிடும் போல் ஆயிற்று. ரோசெல்லா சிரித்துக்கொண்டே அழுதாள்.

"பாத்தீங்களா வக்கீல் சார்? வாய் வந்துருச்சு நாய்க்கு!"

லிண்டலுக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "அத்தை மகன்னா... உங்க வழக்கப்படி நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"இந்த மூஞ்சியையா?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ஆர்லன் டையைக் கழற்றி மேசை மேல் வைத்தான். "பொதுமக்கள் ராஜினாமா பண்றாங்க" என்று சொல்லிவிட்டு எங்களோடு வெளியே வந்தான். கிளிஃபர்ட் டோனட் பெட்டியை நீட்டினான்.

மாதக் கடைசியில் ரோசெல்லாவின் லைசென்ஸ் செத்தது. வாரியம் மறுபடி நாலு பேரோடு நடைவழிக்கு வந்துவிட்டது. லிண்டல் புது ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். பிங்கோவில் இப்போது எண் கூப்பிடுகிறவள் யாருக்காகவும் நிற்பதில்லை. தூங்குகிறவர்கள் தோற்றுப்போய் வீட்டுக்குப் போகிறார்கள். ரோசெல்லா கேசினோ ஹோட்டலின் சலவை அறையில் துண்டு மடிக்கிறாள். அதற்கு வாரியத்தின் லைசென்ஸ் தேவையில்லை, சம்பளமும் பழைய சம்பளம் இல்லை.

போன வாரம் அவளைப் பார்க்கப் போனேன். வெந்நீர் ஆவியில் முகம் எல்லாம் சிவந்திருந்தது. வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

"இல்லாம இருக்குமா? மைக் புடிச்ச கைடீ இது. இங்க யார்கிட்டப் பேசுறது? துண்டுகிட்டயா?" ஒரு துண்டை உதறி, மடித்து, அடுக்கில் வைத்தாள். "நான் வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா அவன் எனக்காகச் சொல்லியிருப்பான். ‘இவ எனக்கு யாரும் இல்ல’ன்னு நல்லபடியாச் சொல்லி, எனக்கு வேலையையும் வாங்கிக் குடுத்திருப்பான்."

"அதைத்தானே நானும் சொல்றேன்?"

"சொல்லிட்டு, அதை நெசம்னு நம்பியும் இருப்பான்டீ."